நாலாம் நாள் தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

முப்பத்தொரு நாள்!

ஒரு கண்ணாடித் தொட்டிக்குள், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்க் கூட்டமொன்றை வளர்த்தெடுக்க வள்ளிக்கு முப்பத்தொரு நாள் தேவைப்பட்டது. அதை அழித்தொழிக்கவோ ஒரு பகலும், ஒரு பிடி பிளீச்சிங் பவுடரும், ஒரு நல்ல மனமும் போதுமானவையாக இருந்தன.

அழிவு நேர்ந்துவிட்டதை அறியாமல், ஐப்பசித் தூறலில் நனைந்தபடி அடி அண்ணாமலைப் பேருந்திலிருந்து இறங்கினாள் வள்ளி. மூன்று நாள் தாய்வீட்டில் இருந்துவிட்டு, நான்காம் நாள் காலையில் தலைக்குக் குளித்துத் திரும்பும் மருமகள். கையில் துணிப்பை. பைக்குள், பழைய சேலையில் சுற்றிய லாக்டோமீட்டர். பால் சங்கத்தில் பணியாற்றும் தந்தையிடம் கெஞ்சி வாங்கியது. பாலில் தண்ணீர் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் அந்தக் கண்ணாடிக் குழல், கடல்நீரில் உப்புக் குறைந்ததையும் காட்டிக்கொடுக்கும். இருபத்தைந்தாம் கோட்டில் மிதந்தால் கடல் சரியாக இருக்கிறது என்று பொருள்.

கடலுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் ஊரில் கடலைக் கொண்டுவந்து நிறுத்தத் துணிந்தவள் அவள். ஏன் துணிந்தாள் என்பதைத் தொடர்ந்து படித்து வருகிறவர்கள் அறிவார்கள். மாமனார் முருகையன் நடத்தும் லாட்ஜின் முன்கூடத்தில் கடல்மீன் காட்சிச்சாலை அமைக்க வேண்டும். வேதியியலில் பட்டம் பெற்றும் அரிசி களைவதற்கன்றி வேறெதற்கும் அழைக்கப்படாத கைகள், தமக்கென்று கேட்ட ஒரே வேலை அது.

முதல் முயற்சியில், கணவன் வேணுவின் அவசரத்துக்கு இணங்கி, வந்த மீன்களை வந்த அன்றே பெரிய தொட்டியில் விட்டாள். ஒரு மீன் கொண்டுவந்த வெண்புள்ளி நோய் பத்தே நாளில் ஒன்பது மீன்களையும் கொன்றது. முருகையன் கெடு விதித்தார். தீபத் திருவிழாவின் கொடியேற்றத்தன்று முன்கூடத்தில் மீன் நீந்த வேண்டும். இல்லையேல் அந்த இடம் கற்பூரக் கடைக்குப் போகும். கடைக்காரர் வந்து அளவெடுத்துக்கூடப் போய்விட்டார். கொடியேற்றத்துக்கு இன்னும் நாற்பது நாள்.

ஆகவேதான் இந்தச் சிறிய தொட்டி. புதிதாக வரும் மீன்களை முப்பது நாள் தனியே வைத்து, நோயில்லை என்று கண்ணால் கண்ட பிறகே பெரிய தொட்டிக்கு அனுப்புவதற்கான தொட்டி. தண்ணீரை ஊற்றியவுடன் இதில் மீனை விட்டுவிட முடியாது. மீனின் கழிவு அம்மோனியா என்னும் நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் கூழாங்கல்லிலும் ஸ்பாஞ்சிலும் முன்னதாகவே குடியேறியிருக்க வேண்டும். அவற்றுக்கு உணவாக ஓர் இறால் துண்டை அழுகவிட்டு, நாற்றத்தைச் சகித்து, நாள்தோறும் சோதனைக் குழாயில் சோதித்து வந்தாள். அம்மோனியா ஏறியது, இறங்கியது. அதிலிருந்து பிறக்கும் மற்றொரு நஞ்சான நைட்ரைட்டும் ஏறி, இறங்கத் தொடங்கியது. தாய்வீட்டுக்குக் கிளம்பிய அன்று, இன்னும் மூன்றே நாள் என்று கணித்திருந்தாள்.

இன்று பிற்பகல் மீன் வருகிறது.

"வா வள்ளி, வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

வாசலிலேயே காத்திருந்த மாமியார் பச்சையம்மாள், பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் மருமகளின் கையைப் பிடித்துக் கொல்லைப்புற அறைக்கு இழுத்துச் சென்றாள்.

அறையில் நாற்றம் இல்லை.

வள்ளியின் கால்கள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டன. முப்பத்தொரு நாளாக அறையை நிறைத்திருந்த இறால் நாற்றம் எங்கே? மஞ்சள் மணத்தது. மஞ்சளுக்கு அடியில், மூக்கைக் குத்தும் பிளீச்சிங் பவுடர் வாடை. தொட்டி பளபளத்தது. தண்ணீர் பளிங்காகத் தெளிந்திருந்தது. கண்ணாடியின் நெற்றியில் மூன்று விரல் மஞ்சளும், நடுவில் ஒரு குங்குமப் பொட்டும்.

"இன்னா, எப்படிக் கீது?"

"யாரு அத்தை... யாரு கழுவனது?"

"வேற யாரு? நான்தான். நேத்து பூரா இடுப்பு ஒடிஞ்சிபோச்சி. கல்ல ஒண்ணொண்ணாத் தேச்சி, பவுடர்ல ஊறவெச்சி, மாடில காயப்போட்டேன். அந்த ஸ்பாஞ்சி கீதே, அத்தப் புழிஞ்சா ஒரே கொழகொழப்பு. கொமட்டிக்கினு வந்துது. பழைய தண்ணியக் கொட்டிட்டு, காலைல எழுந்து அந்த ரெண்டு கேன்ல வெச்சிருந்தியே புதுத் தண்ணி, அத்த ரொப்பிட்டேன். ஒரு சொட்டு கீழ சிந்தல."

"எதுக்கு அத்தை?"

"எதுக்குன்னா? நாலாம் நாள் தலைக்கு ஊத்தாம உள்ள சேப்பாங்களா?"

அப்போதுதான் வள்ளிக்கு விளங்கியது.

தூரம். அந்த வீட்டில் மாதவிலக்குக்கு அதுவே பெயர். நோய் பார்க்கும் தொட்டி என்று உண்மையைச் சொன்னால் வீட்டுக்குள் இடம் கிடைக்காது என்று அஞ்சி, வள்ளிதான் அந்தச் சொல்லை எடுத்தாள். "புதுசா வர்ற மீனைக் கொஞ்ச நாள் தூரமா வெக்கணும் அத்தை. நாம இருக்கற மாதிரிதான்" என்றாள். பச்சையம்மாளுக்கு அது உடனே புரிந்தது. தூரத்துப் பெண்கள் ஒதுங்கி உட்காரும் கொல்லைப்புற அறையையே தொட்டிக்குக் கொடுத்துவிட்டாள். வள்ளி மனத்துக்குள் சிரித்துக்கொண்டாள். அறை போய்விட்டால் வழக்கமும் போய்விடும் என்பது அவளுடைய தந்திரம். வழக்கம் போகவில்லை. உட்கார அறை இல்லாத மருமகள், அடி அண்ணாமலைக்கு அனுப்பப்பட்டாள். கிளம்பும்போது அவள் சொன்ன கடைசிச் சொற்களும் இவையே: "இன்னும் மூணு நாள்தான் தூரம் அத்தை. நாலாம் நாள் மீன் வந்துடும்."

மூடத்தனத்தை நேர்நின்று எதிர்க்க அஞ்சி, அதன் சொல்லையே இரவல் வாங்கிக் காரியத்தை முடித்துக்கொள்ள எண்ணுகிறவர்கள் இந்தத் தொட்டியின் முன்னால் சற்று நிற்கட்டும்! இரவல் வாங்கிய சொல் தனியாக வருவதில்லை. தன் சட்டத்தையும், தன் சடங்கையும், தன் நாலாம் நாள் தலைமுழுக்கையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறது.

"ஏம்மே, ஒண்ணும் சொல்ல மாட்டேன்ற?" பச்சையம்மாளின் முகத்தில் முதல் ஐயம் படர்ந்தது. "நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கு அத்தை" என்றாள் வள்ளி. அன்றைய தினத்தின் முதல் பொய் அது.

பகல் உணவுக்காக லாட்ஜிலிருந்து வந்த வேணு, அறைக்குள் எட்டிப் பார்த்துச் சீட்டியடித்தான்.

"அடேங்கப்பா! இப்பதான் தொட்டி மாதிரி இருக்குது. இத்தினி நாளா சாக்கடைய இல்ல வெச்சிக்கினு இருந்த?"

"அந்தச் சாக்கடைலதான் உயிர் இருந்துச்சு. இப்ப ஒண்ணுமில்ல. இதுல மீனை விட்டா, அதுங்க விடற கழிவே அதுங்கள மூணு நாள்ல கொன்னுடும்."

வேணுவின் முகம் மாறியது. "அப்ப மீன் வாங்கப் போன கலீல் பாய்க்கு போன் போட்டு, வேணாம்னு சொல்லிடலாமா?"

"அவர் காலைலயே மெட்ராஸ விட்டுக் கிளம்பிட்டாரு. எந்த பஸ்ஸுக்கு போன் போடுவிங்க?"

"சரி சரி, கத்தாத. அம்மாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிடாத. பாவம், ஆசையா செஞ்சிருக்காங்க. மனசு ஒடிஞ்சிடும்."

வள்ளி நிமிர்ந்தாள். "உங்கம்மா மனசு ஒடியக் கூடாது. உங்கப்பா சொல்லு ஒடியக் கூடாது. இந்த வீட்டுல ஒடியறதுக்குன்னே இருக்கறது நான் ஒருத்திதானா?"

"ஆரம்பிச்சிட்டியா மேடைப் பேச்ச?"

"மேடை போட்டுக் குடுங்க, பேசறேன். இப்போதைக்கு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போயி ரெண்டு ஸ்பூன் ஹைப்போ வாங்கியாங்க."

"ஹைப்போவா? அது போட்டோ கழுவறதாச்சே! மீனுக்கு எதுக்கு?"

"உங்கம்மா போட்ட பவுடர் வெஷத்தை முறிக்கறதுக்கு. அதுவும் இல்லன்னா மூணு நாள் வேணாம், மூணு நிமிஷமே போதும். ஜல்தியா போங்க."

சாப்பிடாமலே போனான். வேணு கெட்டவன் அல்லன். யாரையும் நோகவிடாமல் நடப்பதே நல்லவனின் இலக்கணம் என்று நம்புகிற பெருங்கூட்டத்தில் ஒருவன். அந்த நம்பிக்கையின் செலவை எப்போதும் ஒரு பெண்ணே ஏற்கிறாள் என்பதை அவன் கவனித்ததில்லை.

நான்கு மணிக்கு, தலையில் தெர்மோகோல் பெட்டியுடன் கலீல் ரஹ்மான் வந்து சேர்ந்தார். தேரடியில் கலர்மீன் கடை வைத்திருப்பவர். வள்ளியுடன் வேலூரில் படித்த நசீமாவின் அண்ணன்.

"ஆறு மீனு தங்கச்சி. ஒண்ணுகூட வழில போகல. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் பெட்டிக்குள்ள இன்னா பாய், பிரியாணியான்னு கேட்டுக்கினே வந்தான்." பெட்டியை இறக்கியவர் மூக்கைச் சுளித்தார். "இன்னா இது, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?"

வள்ளி நடந்ததைச் சொன்னாள். ஹைப்போ போட்டுப் பவுடரின் நஞ்சை முறித்ததையும் சொன்னாள். கலீல் ரஹ்மான் பெட்டியின் மேலேயே உட்காரப் போய், நினைவு வந்தவராய்த் தரையில் உட்கார்ந்தார்.

"பெரிய பேஜாராப் போச்சே! சரி, லாட்ஜில பெரிய தொட்டி ஓடிக்கினுதானே கீது? அந்த ஸ்பாஞ்சில பாதி கிள்ளியாந்து இதுல போட்டுடு. அதுல உன் கிருமிங்க இருக்குமே."

"இருக்கும். கூடவே வெண்புள்ளியும் இருக்கும். அது சாகட்டும்னுதான் அந்தத் தொட்டிய மீனில்லாம போட்டு வெச்சிருக்கேன் பாய். அங்கேர்ந்து ஒரு துளி தண்ணி இங்க வரக் கூடாது."

"அப்ப வேற வழி?"

வழி ஒன்றுதான் இருந்தது. அது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. நுண்ணுயிர்கள் மறுபடி குடியேறும்வரை நஞ்சைக் கையால் அகற்ற வேண்டும். அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிய கடல்நீரை ஊற்ற வேண்டும். ஒரு மாதம்!

பைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைக் குவளை குவளையாகப் பைக்குள் கலந்து, ஒரு மணி நேரம் கழித்து மீன்களை வலையில் ஏந்தி விட்டாள். தண்ணீரில் லாக்டோமீட்டர் இருபத்தைந்தில் நின்றது. அது ஒன்றுதான் அன்று சரியாக நின்றது. வெள்ளைப் பட்டையிட்ட செம்மஞ்சள் மீன்கள் நான்கும், நகத்தளவு நீல மீன்கள் இரண்டும் மூலையில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின.

"கேன் ரெண்டும் காலி" என்றாள் வள்ளி. "நாளைன்னிக்கு மாத்தணும்."

"நாளைன்னிக்கு மட்டும்னா நான் எப்படியாவது கொண்டாந்துடுவேன். மாசம் பூரான்னா, தினம் மரக்காணம் கடற்கரைலேர்ந்து இந்த ஊருக்கு வர்ற லாரி ஒண்ணுதான் தங்கச்சி. காசியண்ணன் உப்பு லாரி."

"எந்தக் காசி?"

நிலைப்படியில், கையில் இரண்டு டீத் தம்ளர்களுடன் பச்சையம்மாள் நின்றிருந்தாள்.

பதினோரு ஆண்டுகளாக அந்த வீட்டில் எவரும் உச்சரித்திராத பெயர் அது. பச்சையம்மாளின் உடன்பிறந்த தம்பி. வேறு சாதியில் பெண்ணெடுத்து, மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றவன். அன்று உள்ளேயிருந்து வெளியே வந்தது ஆரத்தித் தட்டல்ல. அவர்கள் இறங்கிப்போனதும், நின்ற இடத்தைச் சாணி கரைத்து மெழுகினாள் அக்காள்.

"உங்க தம்பிதான் பெரிம்மா" என்றார் கலீல் ரஹ்மான், தரையைப் பார்த்தபடி.

"அப்ப காலைல நான் ரொப்பனது..."

"அவர் லாரில வந்த தண்ணிதான் அத்தை" என்றாள் வள்ளி. "தெரிஞ்சா வேணாம்பிங்கன்னு மறைச்சேன். இன்னொண்ணையும் மறைச்சேன். இது தூரத் தொட்டி இல்ல. நோய் இருக்குதா இல்லியான்னு பாக்கற தொட்டி. நீங்க தேச்சிக் கழுவனிங்களே கொழகொழப்பு, அது அழுக்கு இல்ல அத்தை. அதுதான் மீனுக்குக் காவல். முப்பத்தொரு நாள் வளர்த்தது."

தம்ளர்கள் மெல்லத் தரைக்கு இறங்கின. "நான் சாவடிச்சிட்டேனா?"

"நீங்க இல்ல. நான் சொன்ன சொல்லு."

"எனக்கு இன்னாம்மே தெரியும்? நீதான தூரம்ன! நாம இருக்கற மாதிரின்னு நீதான சொன்ன! இடுப்பு ஒடிய ஒடிய..." குரல் உடைந்தது. பிறகு கோபம் ஏறியது. "படிச்சவ, உண்மையச் சொன்னா நான் புரிஞ்சிக்க மாட்டேனா? நான் இன்னா மாடா?"

அது சரியான கேள்வி என்பது வள்ளிக்குத் தெரிந்தது. ஆனால் அவளிடமும் ஒரு கேள்வி இருந்தது. ஓராண்டாகத் தொண்டையில் கிடந்த கேள்வி.

"ஒண்ணு கேக்கறேன் அத்தை. தூரம்னு நெனச்சிதான இந்தக் கல்லத் தொட்டிங்க? ஸ்பாஞ்சியப் புழிஞ்சிங்க? உங்களுக்குத் தீட்டு ஒட்டலியா? அப்பறம் குளிச்சிங்களா?"

"மீனுக்கு ஏதும்மே தீட்டு? அது பாட்டுக்குத் தண்ணில கெடக்குது, வாயில்லா ஜீவன்."

"எனக்கு மட்டும் எங்கேர்ந்து அத்தை வந்துச்சு?"

கலீல் ரஹ்மான் தெர்மோகோல் பெட்டியின் மூடியை வெகு கவனமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒதுக்கி வைப்பதில் இருவகை உண்டு. ஒன்று, ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லும். எப்போது முடியும் என்று கேட்டால் சோதித்துச் சொல்லும். மற்றொன்று, ஏன் என்று கேட்டவரையே பிடித்து ஒதுக்கும். அதற்கு முடிவு நாளே கிடையாது. முதல் வகைக்கு அந்த வீட்டில் ஒரு தொட்டி இருந்தது. இரண்டாம் வகைக்கு ஓர் அறையும், பதினோரு ஆண்டுகளாக ஒரு தம்பியும்.

"இன்னும் இருபத்தஞ்சு நாள்ல எனக்கு மறுபடி வரும்" என்றாள் வள்ளி. "அப்பவும் இந்த மீனுங்க இங்கதான் இருக்கும். தினம் பாக்கணும். நான் அடி அண்ணாமலைக்குப் போக மாட்டேன். இந்த ரூம்லயும் இருப்பேன், அடுப்படிலயும் இருப்பேன்."

பச்சையம்மாள் தொட்டியையே பார்த்தாள். மஞ்சள் பூசிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீல மீன் வாயைத் திறந்து மூடியது.

"அதுக்கு நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றாள்.

சொல்லிவிட்டு இரண்டு கேன்களையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். பழகிய கை குழாயைத் திறக்க நீண்டு, பாதியில் நின்றது.

"ஏய் வள்ளி! இத்தக் கழுவலாமா, கூடாதா? மொதல்ல அத்தச் சொல்லு."

"நல்ல தண்ணில அலசலாம் அத்தை. பவுடர் மட்டும் வேணாம்."

அலசினாள். தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். "லாரி எத்தினி மணிக்கு வரும் கலீலு?"

"ஆறரைக்கு. திருக்கோவிலூர் ரோட்டு உப்புக் கிடங்குல நிக்கும்."

ஹைப்போ வாங்கி வந்தது முதல் கூடத்திலேயே ஒதுங்கியிருந்த வேணு, பதறி எழுந்தான். "அம்மா, அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"உங்கப்பன நீ பாத்துக்கோ. பொண்டாட்டி தனியாக் கெடந்து அல்லாடும்போது நின்னு பாத்தல்ல, அதே மாதிரி பாத்துக்கோ." முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் பேசப் போறேன்னு எவனும் நெனச்சிக்காதிங்க. லாரி வருதா இல்லியான்னு பாத்துட்டு வரத்தான் போறேன்."

தூறல் விட்டிருந்தது. கைக்கொன்றாகக் காலி கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடும் போடாமல், விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள் பச்சையம்மாள்.

வள்ளி சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்தாள். நசீமா தந்த நெஸ்லர் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அம்மோனியா இருந்தால் மஞ்சள் காட்டும் கரைசல்.

"தங்கச்சி..." கலீல் ரஹ்மான் தலையைச் சொறிந்தார். "இத்த மொதல்லயே சொல்லியிருக்கணும். காசியண்ணனுக்கு இது அவங்கக்கா வூட்டுக்குப் போற தண்ணின்னு தெரியாது. ஏதோ காலேஜுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். அக்கா பேர எடுத்தாலே அந்த மனுசன் வண்டிய எடுத்துக்கினு போயிடுவாரு."

வள்ளி வாயிலைப் பார்த்தாள். பச்சையம்மாள் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

இன்னுமொரு பொய்! இம்முறை அது அவள் சொன்னதல்ல. ஆயினும் அதன் மீது நடந்துபோகிறவள், அந்த வீட்டில் எவரிடமும் பொய் சொல்லாத ஒரே மனுசி.

"அத்தை! நில்லுங்க அத்தை!"

செருப்பைத் தேடாமல் ஓடினாள் வள்ளி. அவள் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போன சோதனைக் குழாயில், பளிங்காய் இருந்த நீர் மெல்ல மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தது.